மண் சுமந்த எழுதுகோல்

(ஆரப்பாளையத்தில் ஆற்றிய உரை)

ஆரப்பாளையத்துக் கூட்டத்திற்கு வர இயலாமற்போன தோழர்கள் பலர், “அன்று என்ன பேசினீர்?” என்று கேட்டிருக்கிறார்கள். பேசியதை இங்கே தருகிறேன். மேடைக்கு எதிரே மணலில் அமர்ந்து கேட்பதாக எண்ணிக்கொண்டு படியுங்கள்.

அன்புத் தோழர்களே!

இந்த மேடைக்கு வருமுன் புட்டுத்தோப்பு வழியாக நடந்து வந்தேன். ஆவணி மூலத் திருநாளில் மதுரை மாநகரே திரண்டு வரும் இடம் அது. பிட்டுக்கு மண் சுமந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்ணில் பிறந்த குழந்தை தாலாட்டோடு கேட்கும் கதை. வைகையிலே வெள்ளம், கரையிலே உடைப்பு, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்கவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று ஒப்புக்கொண்டு ஒருவன் வந்தான். பிட்டைத் தின்றான், பாடினான், ஆடினான், படுத்து உறங்கினான். மண்ணை மட்டும் சுமக்கவில்லை. மன்னன் பிரம்பை ஓங்கினான். விழுந்த அடியோ அவன் முதுகில் மட்டும் விழவில்லை. ஊரார் முதுகிலும் விழுந்தது. அடித்த மன்னன் முதுகிலும் விழுந்தது.

புராணம் என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். பக்தி என்று போற்றுவோர் போற்றட்டும். எனக்கு அந்தக் கதையிலே இரண்டு செய்திகள் வேண்டும். கூலி வாங்கியவன் தன் பங்குக் கரையை அடைக்காவிட்டால் அடி விழும் என்பது ஒன்று. அந்த அடி அவனோடு நிற்காது, எல்லார் முதுகிலும் விழும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் மடியில் முடிந்துகொள்ளுங்கள். பிறகு அவிழ்ப்போம்.

தோழர்களே! சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி மூவர் வந்தனர். ஒரு தலைவரின் அன்பர்கள். தலைவரின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், ஊரிலே பாதிப்பேர் ஒன்று சொல்வார்கள். மீதிப்பேர் மற்றொன்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரவேண்டும், அதுவே அதிகாரபூர்வமான வரலாறாக அச்சாகும் என்றார்கள். ஒரு பெட்டி நிறைய நாளேட்டு நறுக்குகள், நிழற்படங்கள், வரவேற்பு மடல்கள் கொடுத்தார்கள். முன்பணம் என்று ஓர் உறையும் கொடுத்தார்கள். கல்லூரியிலே இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டு, நாடகம் எழுதியும் மேடையிலே பேசியும் காலம் தள்ளுகிறவன் நான். உறையின் கனம் என் கைக்குத் தெரியாமல் இல்லை. என் வீட்டு அரிசிப் பானைக்கும் தெரிந்தது.

பெட்டியைப் பிரித்து ஆண்டுவாரியாக அடுக்கினேன். இடையிலே இரண்டு ஆண்டுகளைக் காணவில்லை. ஒரு தாள் இல்லை, ஒரு படம் இல்லை. கேட்டேன். “அந்த இரண்டு வருசத்தைத் தாண்டிப் போய்விடுங்கள், தோழரே! அவ்வளவுதான் எங்கள் நிபந்தனை” என்றார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளிலே என்ன நடந்தது? மூத்த தோழர்களுக்குத் தெரியும். தேர்தலிலே தோற்ற கசப்பிலே அவர் எதிர் முகாமுக்குப் போயிருந்தார். போனதோடு நில்லாமல், நம்மை ஏசியும் பேசினார். பின்னர் திரும்பி வந்தார். இயக்கம் ஏற்றுக்கொண்டது. திரும்பிய பின் அவர் செய்த பணி பெரிது. அதை மறுப்பவன் மனச்சான்று இல்லாதவன். ஆனால் போனது போனதுதானே! வந்தவரை வாழ்த்தலாம், போகவே இல்லை என்று சாதிக்கலாமா?

என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நாளில், இந்த ஆரப்பாளையத்திலேதான் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஆலையிலே உழைத்து ஓய்ந்தவர். அந்த நாளில் அந்தத் தலைவரின் கீழே கிளைப் பணி ஆற்றியவர். செய்தியைச் சொன்னேன். மகிழ்வார் என்று எண்ணினேன். வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

“தம்பி! அவர் போனப்போ கூட இருந்தவுக எல்லாரும் போய்ட்டாக. நான் கொடிக்கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மன்றத்து வாடகைக்கு வீட்டுக்காரி தோட்டை அடகு வச்சேன். அவர் திரும்பி வந்தப்போ கதவத் தெறந்துவிட்டதும் நான்தேன். இப்ப அவர் போகவே இல்லைன்னு எழுதிப்புட்டா, நான் நின்னதும் இல்லைன்னுல்ல ஆயிப்போகும்?”

தோழர்களே! அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தலைவரின் தவறை மறைப்பதென்பது தலைவருக்குச் செய்யும் தொண்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளை வெட்டினால் வெட்டுப்படுவது யார்? திரும்பி வந்த தலைவரா? அடகு வைத்த தோட்டுக்காரியா? தலைவருக்கு மாலைகள் மிஞ்சும். பெரியவருக்கு இருந்த ஒரே மாலை அந்த இரண்டு ஆண்டுகள்தானே!

“கூலிக்கு எழுதுவதே இழிவு, அதை முதலிலேயே மறுத்திருக்க வேண்டியதுதானே?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். தச்சன் கூலி வாங்குகிறான்; கொத்தன் கூலி வாங்குகிறான்; எழுதுகிறவன் மட்டும் காற்றைக் குடித்து வாழவேண்டுமா? நம் பழந்தமிழ்ப் புலவர்கள் பரிசில் வாங்கினார்கள். வாங்கியதைப் பாட்டிலேயே சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்வி, கூலியை வாங்கிக்கொண்டு என்ன எழுதினார்கள் என்பதுதான்.

இந்த மதுரையைக் கேளுங்கள், சொல்லும். தலையாலங்கானத்திலே வேந்தர் இருவரும் வேளிர் ஐவருமாக எழுவரை எதிர்த்து நின்று வென்ற இளைஞன் பாண்டியன் நெடுஞ்செழியன். அவனைப் பாடியவர் மாங்குடி மருதனார். பாடியது மதுரைக்காஞ்சி. 782 அடிகள்; பத்துப்பாட்டிலே மிக நீண்டது. அவன் வெற்றியைப் பாடினார். நாளங்காடியைப் பாடினார், அல்லங்காடியைப் பாடினார். மதுரைத் தெருவிலே பறந்த கொடியையும் விற்ற பூவையும் பாடினார். அதோடு நின்றிருந்தால் அது வெறும் புகழ்மாலை. ஆனால் காஞ்சி என்று பெயர் வைத்தது எதற்காக? நிலையாமையைச் சொல்வது காஞ்சி. உன்னைப் போல் முரசு முழங்க ஆண்டவர் எண்ணற்றோர் மாண்டு மறைந்தனர் என்பதை, வெற்றி வெறி தணியாத இளங்காளை ஒருவனுக்கு, அவன் அவையிலே, அவன் பரிசிலை வாங்கும் வாயாலேயே சொன்னார் அந்தப் புலவர்.

நெடுஞ்செழியன் என்ன செய்தான்? சினந்து துரத்தினானா? “அந்த நிலையாமைப் பகுதியைத் தாண்டிப் போய்விடும், புலவரே” என்றானா? புறநானூற்றின் 72ஆம் பாட்டு அவனே பாடியது. பகைவரை வெல்லாவிட்டால் எனக்கு இன்னின்ன இழிவு நேரட்டும் என்று வஞ்சினம் கூறும்போது, மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான்! உண்மை சொல்லும் புலவன் தன்னைப் பாடாமற்போவதைப் பெருந்தண்டனையாகக் கருதிய அரசன் ஆண்ட ஊர் இது. அந்த ஊரிலே நின்றுகொண்டு நாம் எதைக் கேட்கிறோம்? பாடுபவனைப் பார்த்து, “பாதியை விட்டுவிடு” என்று கேட்கிறோம்!

பிற்காலத்திலே சோழப் பேரரசர்கள் கல்லிலே மெய்க்கீர்த்தி வெட்டினார்கள். கொண்ட நாடுகள், கவர்ந்த யானைகள், முறித்த முடிகள் எல்லாம் வரிசையாக வரும். வரலாற்றுக்கு அவை பெரும் புதையல், மறுக்கவில்லை. ஆயினும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துவிட்டு ஒருவன் வரலாறு எழுதப் புகுந்தால், எதிரி நாட்டுக் கல்வெட்டு வந்து அவன் கன்னத்தில் அறையும். பெயரிலே மெய் இருந்தால் போதாது. கீர்த்தியிலும் மெய் இருக்கவேண்டும்.

உலகத்தைப் பார்ப்போம். சோவியத்து நாட்டை ஆண்ட ஸ்டாலினுக்குச் சுருக்கமான வாழ்க்கை வரலாறு ஒன்று உண்டு. அரசே வெளியிட்ட நூல்; பின்னர் திருத்திய பதிப்பும் வந்தது. எழுதியவர்கள் புகழ்ந்துதான் எழுதினார்கள். பிழைத்துக் கிடக்கவேண்டுமே! ஆனால் அந்தப் புகழ் ஸ்டாலினுக்குப் போதவில்லை. அச்சுக்குப் போகுமுன் தாளை வாங்கி, தன் கையாலேயே தன் புகழைச் சேர்த்தார். சேர்த்தவற்றிலே ஒன்று என்ன தெரியுமா? தற்பெருமையின் சாயல்கூட இல்லாதவர் ஸ்டாலின் என்பது! தற்பெருமை இல்லை என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட தற்பெருமையை, நாடகத்திலே நான் எழுதியிருந்தால் “மிகையப்பா” என்று வெட்டியிருப்பீர்கள். 1956 பிப்ரவரி 25ஆம் நாள், கட்சியின் இருபதாவது மாநாட்டிலே, மூடிய கதவுக்குள்ளே, குருசேவ் எழுந்து இதைப் போட்டு உடைத்தார். எதிரியா உடைத்தான்? அதே கட்சி, அதே மேடை, பக்கத்திலே நின்று கைதட்டியவர்! ஸ்டாலின் கண் மூடி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த நூலைச் சிற்றூரிலே, ஆலையிலே, பள்ளியிலே உரக்கப் படித்துக் காட்டிய தொண்டன் மறுநாள் எந்த முகத்தோடு தெருவிலே நடந்திருப்பான்? பிரம்படி யார் முதுகிலே விழுந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவிலே வேறு ஒரு வேடிக்கை. குடியரசுத் தலைவர் ரீகனுக்கு அதிகாரபூர்வ வரலாற்றாளராக 1985இல் எட்மண்ட் மாரிஸ் என்பவர் அமர்த்தப்பட்டார். சிறிய ஆளல்லர்; தியோடர் ரூசுவெல்ட்டின் வரலாற்றை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவர். வெள்ளை மாளிகையின் கதவு அவருக்குத் திறந்திருந்தது. 14 ஆண்டுகள் உழைத்து 1999இல் நூலை வெளியிட்டார். நூலைத் திறந்தவர்கள் திகைத்தார்கள். ரீகனின் இளமைக் காலம் முதல் உடனிருந்து பார்த்தவன் போல ஒரு கற்பனை மனிதனைப் படைத்து, அவன் வாயாலே கதை சொல்லியிருந்தார்! அத்தனை ஆண்டு அருகிலிருந்தும் அந்த மனிதரின் உள்ளம் பிடிபடவில்லை, ஆகவே புனைந்தார். நாடகக்காரன் நான், பாத்திரம் படைப்பது என் பிழைப்பு. நானே சொல்கிறேன்: வரலாற்றிலே இல்லாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவதும் குற்றம், இருந்த ஒருவனை இழுத்து வெளியே தள்ளுவதும் குற்றம். ஆரப்பாளையத்துப் பெரியவரைத் தள்ளுவது இரண்டாவது வகை.

அதே நாட்டிலே 1987இல், டிரம்ப் என்னும் கட்டட வணிகரின் பெயரால் ஒரு நூல் வந்து பெரும் விற்பனை ஆனது. அதை எழுதிக் கொடுத்தவர் டோனி ஷ்வார்ட்ஸ் என்ற செய்தியாளர். பணத்திலே பாதி அவருக்கு. அந்த வணிகர் 2016இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றபோது, ஷ்வார்ட்ஸ் முன்வந்து, அந்த நூலை எழுதியதற்காக வருந்துகிறேன் என்றார். அந்த மனிதரை அவ்வளவு கவர்ச்சியாகக் காட்டியது என் எழுதுகோல்தான் என்று ஒப்புக்கொண்டார். 29 ஆண்டுகள் கழித்து வந்த வருத்தம்! அதனால் அந்தத் தேர்தலிலே ஒரு இலை அசைந்ததா? அசையவில்லை. எழுதும்போது வராத நாணம், விற்று முடிந்தபின் வந்து என்ன பயன்?

“அப்படியானால் தலைவர்களின் குறைகளைக் கூவி விற்கச் சொல்கிறாயா? எதிரிக்கு வாளை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாயா?” என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். விடையை நம் நாட்டிலிருந்தே தருகிறேன்.

1925 முதல் 1929 வரை காந்தியடிகள் தம் கதையைத் தாமே தொடராக எழுதினார். திருடியதை எழுதினார். ஒளிந்து புலால் உண்டதை எழுதினார். தந்தை உயிர் பிரியும் வேளையில் தாம் எங்கே இருந்தார் என்பதையும் எழுதினார். இவற்றைச் சொல்லி எந்த எதிரியாவது அவரை வீழ்த்தினானா? வீழ்த்த முடியவில்லை. அவரே தெருவிலே கொட்டிவிட்டதை எதிரி என்னவென்று அம்பலப்படுத்துவான்?

காந்தியாரோடு மோதியவர் பெரியார். கொள்கையிலே கீழ்த்திசையும் மேல்திசையும். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சாமி சிதம்பரனார் எழுதினார். நூலின் பெயர் ‘தமிழர் தலைவர்’. அவர் இயக்கத்தின் ஆள். 1930இல் பெரியார் தலைமையில், கைம்பெண்ணான சிவகாமியாரைச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். இந்தி எதிர்ப்புப் போரிலே பெரியார் சிறை சென்று மீண்ட 1939ஆம் ஆண்டிலே அந்த நூல் வந்தது. நாடே அவரை ஒரு பக்கம் வாழ்த்தியது, ஒரு பக்கம் தூற்றியது. புகழ்மாலை மட்டும் தொடுத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆயினும் செல்வர் வீட்டுப் பிள்ளையின் இளமைக் களியாட்டங்களை அந்த நூல் மூடி மறைக்கவில்லை. காவிரி மணலிலே நிலவொளியிலே நண்பர்களோடு நடந்த கூத்துகளும், அவற்றுக்குச் சோறு ஆக்கி அனுப்பிய நாகம்மையாரின் பொறுமையும் மறைக்கப்படவில்லை. வீட்டை விட்டுக் காசிக்குப் போய்ப் பசியிலே எச்சில் இலைச் சோற்றை உண்ட நாளும் மறைக்கப்படவில்லை.

அதனால் பெரியார் சிறுத்தாரா? காசியிலே எச்சில் இலையைத் தொட்டவன் என்று தெரிந்தபின்தான், சத்திரத்து வாயிலிலே சாதியால் தடுக்கப்பட்டவனின் சினம் எங்கிருந்து பிறந்தது என்பது விளங்குகிறது. நாகம்மையார் அன்று ஆக்கிய சோறு தெரிந்தபின்தான், பிறகு அதே அம்மையார் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னே வந்து நின்றதன் உயரம் தெரிகிறது. இருட்டை அழித்துவிட்டால் விளக்கு ஏற்றியவளின் பெருமையும் அழிந்துபோகும், தோழர்களே!

இன்னொன்றையும் கவனியுங்கள். சாமி சிதம்பரனாரின் இலக்கியப் பார்வை பின்னாளிலே தனி வழி சென்றது. இராமாயணத்தை எதிர்த்து முழங்கியது இயக்கம். அவரோ கம்பனைப் பற்றி நூல் எழுதினார். 1961இல் மறைந்தார். எழுதியவர் வேறு வழி சென்றும் ‘தமிழர் தலைவர்’ இன்றும் படிக்கப்படுகிறது. கூலிக்குக் கூவிய நூலாக இருந்திருந்தால், கூவியவன் தள்ளிப்போன அன்றே அதுவும் செத்திருக்கும்.

இப்போது மடியில் முடிந்ததை அவிழ்ப்போம். ஒரு தலைவரின் வாழ்வு வைகைக் கரை போன்றது. பெரும்பகுதி உறுதியாக இருக்கும்; எங்கோ ஓரிடத்தில் உடைப்பு இருக்கும். வரலாறு எழுதக் கூலி வாங்கியவனுடைய பங்கு எது? உறுதியான கரையிலே நின்று பாடி ஆடுவதா? உடைப்பு இருக்கும் இடம்தான் அவன் பங்கு! ஏன் போனார், எந்தக் கசப்பு துரத்தியது, யார் தூண்டினார், எப்படித் திரும்பினார், எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார் என்று கூடை கூடையாக உண்மையைச் சுமந்து கொட்டினால் உடைப்பு அடைபடும். அதை விட்டுவிட்டு, உடைப்பின்மேல் கோலம் போட்டு மறைத்தால், கோலம் அழகாக இருக்கும், வெள்ளம் வரும்வரை! வெள்ளம் எங்கே நுழையும்? கோலம் போட்ட இடத்திலேதான் நுழையும்.

மேடையிலே ஏறுமுன் நடிகன் முகத்திலே அரிதாரம் பூசுகிறான். தேவைதான், விளக்கு வெளிச்சம் அப்படி. ஆனால் காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போகும்போது அரிதாரத்தோடு போவானா? வருங்காலம் ஒரு மருத்துவர், தோழர்களே. முகத்தைக் கழுவிக்கொண்டுதான் போகவேண்டும்.

நாளை தெருமுனையிலே எதிர்க்கட்சிக்காரன் ஒலிபெருக்கியைப் பிடித்து, “உங்கள் தலைவர் அந்த இரண்டு வருசம் எங்கே இருந்தார்?” என்று கேட்பான். தலைவர் அங்கே இருக்கமாட்டார். நூல் எழுதிய நானும் இருக்கமாட்டேன். தேநீர்க் கடைப் பலகையிலே நம் கரை வேட்டியோடு உட்கார்ந்திருப்பவர் நீங்கள்! நூலிலே அந்தப் பக்கம் இருந்தால், “இருந்தார் அங்கே, வந்தார் இங்கே, ஏன் என்று 60ஆம் பக்கத்திலே படித்துக்கொள்” என்பீர்கள். இல்லாவிட்டால் தலை குனிவீர்கள். அந்தத் தலைகுனிவுக்கு வாங்கும் கூலி எனக்கு வேண்டாம்.

ஆகவே, அந்த மூவரையும் அழைத்தேன். உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தேன். “எழுத மறுக்கவில்லை. எழுதவே விரும்புகிறேன். இரண்டு ஆண்டுகளும் உள்ளே வரவேண்டும். கதவைத் திறந்துவிட்ட பெரியவரும் உள்ளே வரவேண்டும். தலைவர் படித்துப் பார்க்கட்டும். தேதி தவறு, பெயர் தவறு என்றால் திருத்தட்டும். நிகழ்ந்ததை நிகழவில்லை என்று அடிக்க மட்டும் அவர் கையிலே சிவப்பு மை இருக்கக்கூடாது. ஒப்பினால் இந்த உறையை வாங்கிக்கொள்கிறேன். உழைப்புக்குக் கூலி வாங்க வெட்கமில்லை. ஒப்பாவிட்டால் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள்” என்றேன். பெட்டியை எடுத்துச் சென்றார்கள். இன்றுவரை விடை வரவில்லை.

வரும் என்று நம்புகிறேன். அந்தத் தலைவரை நான் சிறியவராக எண்ணவில்லை. திரும்பி வரும் துணிவு இருந்தவருக்கு, திரும்பி வந்தேன் என்று சொல்லும் துணிவும் இருக்கும்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? இந்தப் பகுதித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் கிளையிலே மூத்தவர் யாரோ அவர் வீட்டுத் திண்ணையிலே உட்காருங்கள். எந்த ஆண்டு கொடி ஏற்றினீர்கள், யார் வந்தார், யார் போனார், எந்த இரவிலே பயந்தீர்கள், எதை அடகு வைத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். நம் பிழையையும் சேர்த்து எழுதுங்கள். தலைவர்களின் வரலாற்றை எழுத ஆள் தேடிக் கூலி கொடுப்பார்கள். தோட்டை அடகு வைத்தவளின் வரலாற்றை எழுத யாரும் உறையோடு வரமாட்டார்கள்.

நான் என் ஏட்டைத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்திலே அந்தப் பெரியவரின் பெயர் இருக்கிறது. அடுத்த வரியிலே அவர் துணைவியார் பெயர் இருக்கிறது. அந்தத் தோடு இன்னும் மீட்கப்படவில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.